அபராதமும் ‘ஃபைன்’, நலமும் ‘ஃபைன்’: எப்படி?

கேள்வி: நலம் விசாரித்தால் ‘ஐ ஆம் ஃபைன்’ என்கிறோம். விதியை மீறினால் ‘ஃபைன்’ கட்டுகிறோம். ஓவியம், சிற்பம் போன்றவற்றை ‘ஃபைன் ஆர்ட்ஸ்’ என்கிறோம். இவை ஒரே சொல்லா, தற்செயலாக ஒலி ஒத்துப்போன வெவ்வேறு சொற்களா? பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

பதில்: அருமையான கேள்வியை உங்கள் மகள் கேட்டிருக்கிறார். இன்றைய வழக்கில் அவை தனித்தனிச் சொற்கள்தாம். அகராதிகளும் அபராதத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை ஓரிடத்திலும், நேர்த்தியைக் குறிக்கும் பெயரடையை வேறோர் இடத்திலும் தருகின்றன. ஆனால் வேர் ஒன்றே. முடிவு, எல்லை என்னும் பொருள்களை உடைய ‘ஃபீனிஸ்’ என்ற இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு மொழி வழியாக இரண்டு தடங்களில் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தது. ‘ஃபைனல்’, ‘ஃபினிஷ்’, ஒன்றின் எல்லையை வரையறுப்பதைச் சொல்லும் ‘டிஃபைன்’, எல்லைக்குள் அடைத்துவைப்பதைச் சொல்லும் ‘கன்ஃபைன்’ ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

முதல் தடம் நீதிமன்றம் வழியாகச் செல்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் ‘ஃபைன்’ என்பது முதன்மையாகத் தண்டனையைக் குறிக்கவில்லை. வழக்கின் முடிவையே குறித்தது. நில உரிமை பற்றிய வழக்கில் இரு தரப்பாரும் நீதிமன்றத்தின் முன் செய்துகொண்ட இறுதி உடன்படிக்கைக்கு அப்பெயர் வழங்கியது. 1195ஆம் ஆண்டு முதல் அந்த உடன்படிக்கையை ஒரே தோல்தாளில் மூன்று படிகளாக எழுதி, நேர்கோட்டில் அன்றி வளைத்து வெட்டிப் பிரித்து, இரண்டைத் தரப்பாரிடம் கொடுத்து, தாளின் அடிப்பகுதியில் எழுதிய மூன்றாவது படியை அரசு ஆவணமாக வைத்துக்கொண்டார்கள். யாரேனும் போலிப் படி ஒன்றைக் கொண்டுவந்தால் வெட்டு விளிம்புகள் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். அடியில் இருந்ததால் அதற்கு ‘ஃபுட் ஆஃப் ஃபைன்’ என்று பெயர்; வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் தேடிப் படிக்கும் ஆவணத் தொகுதி அது. இந்த உடன்படிக்கை முறையை 1833ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நீக்கிவிட்டது.

அதே காலத்தில், சிறைப்பட்ட ஒருவரோ அரசரின் சினத்துக்கு ஆளான ஒருவரோ பணம் செலுத்தி அந்த விவகாரத்தை முடித்துக்கொள்வதையும் ‘ஃபைன்’ என்றே சொன்னார்கள். பேசி முடிவுசெய்த தொகையாகத் தொடங்கியது, காலப்போக்கில் நீதிமன்றமே விதிக்கும் தொகையாக மாறியது. முடிப்பதைக் குறித்த சொல், முடிப்பதற்காகக் கொடுத்த பணத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ‘ஃபைனான்ஸ்’ என்ற சொல்லும், கடனை முடித்தல் என்னும் பொருளில் இதே வேரிலிருந்து பிறந்ததுதான்.

இது அயலாருக்கு மட்டுமே உரிய விந்தை அன்று. தமிழில் ‘தீர்’ என்ற வினையை எண்ணிப் பாருங்கள். தீர்தல் என்றால் முடிதல். வழக்கு தீர்ந்தால் அது தீர்ப்பு. கடனைத் தீர்க்கிறோம், கணக்கைத் தீர்க்கிறோம். அரசுக்குச் செலுத்துவதற்குத் தீர்வை என்று பெயர். முடிவைச் சொல்லும் வேர் ஒன்றிலிருந்து பணம் செலுத்துதல் என்னும் பொருள் கிளைப்பதை நம் மொழியிலேயே காட்டினால், உங்கள் மகளுக்கு அது மறக்காது.

இரண்டாவது தடம் நேர்த்தியை நோக்கிச் செல்கிறது. எல்லைவரை சென்றது, அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லாதபடி முற்றுப்பெற்றது என்னும் கருத்திலிருந்து, உயர்ந்தது, மாசற்றது என்ற பொருள் கிளைத்தது. இதற்கும் தமிழில் இணை உண்டு. கல்வியில் சிறந்தவரைக் ‘கரைகண்டவர்’ என்கிறோம். கரை என்பது எல்லை, அந்த எல்லையைக் கண்டவர் வல்லவர் ஆகிறார். பிறகு ஆங்கிலச் சொல் உலோகத்துக்குச் சென்றது. கலப்பில்லாத தங்கம் ‘ஃபைன் கோல்ட்’ ஆயிற்று; ஆயிரத்தில் எத்தனை பங்கு தூய தங்கம் என்று சொல்லும் அளவுக்கு இன்றும் ‘ஃபைன்னஸ்’ என்றுதான் பெயர். 22 காரட் தங்கத்தில் காணும் 916 என்ற எண் அந்த அளவே. தூய்மையும் நயமும் கூடிய பொருளில் முரடோ பருமனோ இராது என்பதால், மெல்லிய நூலுக்கும் பொடித்த தூளுக்கும் அதே சொல் பொருந்தி, நுண்மை என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. காற்று மாசு பற்றிய செய்திகளில் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்களை ‘ஃபைன்’ என்று வகைப்படுத்துவது இந்தப் பொருளில்தான்.

‘ஃபைன் ஆர்ட்ஸ்’ என்பதைத் தமிழில் நுண்கலை என்றும் கவின்கலை என்றும் இரு வகையாகச் சொல்கிறோம். இரண்டும் வழக்கில் நன்றாக நிலைபெற்றவை. ஆயினும் கவின்கலையே மூலக் கருத்துக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். அந்தத் தொடரில் உள்ள ‘ஃபைன்’ சிறியது என்பதைச் சொல்லவில்லை, அழகைச் சொல்கிறது. பிரெஞ்சு மொழியிலும் அவற்றுக்கு ‘அழகிய கலைகள்’ என்றே பெயர்.

நலம் என்ற பொருள் இந்தத் தடத்தின் கடைசிக் கிளை. குறை ஏதும் இல்லை என்பதே அதன் உட்கருத்து.

கேள்வி: அலுவலகக் கடிதம் ஒன்றில் ‘ஐ ஆம் வெரி ஃபைன்’ என்று எழுதினேன், மேலாளர் அடித்துத் திருத்திவிட்டார். ‘வெரி ஃபைன்’ என்பது இலக்கணப் பிழையா? மேலும், வந்த விருந்தினரிடம் ஏதாவது அருந்துகிறீர்களா என்று கேட்டபோது ‘ஐ ஆம் ஃபைன்’ என்றார். சம்மதம் என்று எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன், அவர் தயங்கினார்.

பதில்: இரண்டு குழப்பங்களுக்கும் காரணம் ஒன்றே. நலத்தைச் சொல்லும் ‘ஃபைன்’ ஏற்கெனவே நிறைவைச் சொல்லிவிடுகிறது. குறையில்லை என்று சொன்ன பிறகு ‘மிகவும் குறையில்லை’ என்று சொல்ல இடமில்லை. அதனால் உடல்நலத்துக்கு ‘வெரி’ சேர்ப்பது ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘வெரி வெல்’ என்று எழுதலாம். ஆனால் தரத்தைச் சொல்லும்போது ‘எ வெரி ஃபைன் பெர்ஃபார்மன்ஸ்’ என்பது முற்றிலும் சரி. தரத்துக்கும் நுண்மைக்கும் ‘ஃபைனர்’, ‘ஃபைனெஸ்ட்’ என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். நலத்துக்கு அவை வாரா.

உங்கள் விருந்தினர் சொன்னதும் அந்த நிறைவைத்தான். எனக்கு இப்போது குறை ஒன்றும் இல்லை, ஆகவே வேண்டாம் என்பதே அவர் கருத்து. எதையேனும் கொடுக்க முன்வரும்போது வரும் ‘ஐ ஆம் ஃபைன்’ பணிவான மறுப்பு. ஏதேனும் ஏற்பாட்டைச் சொல்லிக் கேட்கும்போது வரும் ‘தட்ஸ் ஃபைன்’ சம்மதம். தன்னைச் சொல்கிறாரா, நாம் சொன்னதைச் சொல்கிறாரா என்று கவனித்தால் பெரும்பாலும் குழப்பம் வராது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வாக்குவாதத்தின் முடிவில் ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லாகச் சட்டென்று வந்தால், அது பெரும்பாலும் ‘போகட்டும், இனிப் பேச ஒன்றுமில்லை’ என்ற மனத்தாங்கல். எழுத்தில் குரல் கேட்காது என்பதால், அலுவலகச் செய்திகளுக்கு விடையாக அந்த ஒரு சொல்லை மட்டும் அனுப்பாமல், ‘தட்ஸ் ஃபைன், தேங்க் யூ’ என்று எழுதுவது நல்லது.

கேள்வி: ‘தே புட் ஃபைன் ஆன் மீ’ என்று எழுதலாமா? ‘ஃபைன்’, ‘ஃபைன்லி’ இரண்டில் எதை எங்கே எழுதுவது?

பதில்: முதலாவது, ‘ஃபைன் போட்டார்கள்’ என்ற தமிழ் வழக்கின் நேர்பெயர்ப்பு, ஆங்கிலத்தில் அது நில்லாது. ‘தே ஃபைன்ட் மீ’ என்றோ ‘ஐ வாஸ் ஃபைன்ட்’ என்றோ எழுதுங்கள். ‘வாஸ்’ விட்டுப்போனால் நீங்களே பிறருக்கு அபராதம் விதித்ததாகப் பொருள் மாறிவிடும். நாம் ‘கட்டினேன்’ என்பதற்கு ‘பெய்ட் எ ஃபைன்’ சரியாகப் பொருந்தும்.

ஒரு செயல் குறையின்றி நடக்கிறது என்பதற்கு ‘ஃபைன்’ என்பதே வினையடையாகவும் வரும்: ‘இட் ஒர்க்ஸ் ஃபைன்’. பொடியாக, மெல்லியதாக, நுட்பமாக என்ற பொருள்களுக்கு ‘ஃபைன்லி’: ‘ஃபைன்லி கிரவுண்ட்’ என்றால் நன்கு பொடியாக அரைத்தது. ‘ஷீ இஸ் டூயிங் ஃபைன்லி’ என்று நலத்துக்கு எழுதுவதில்லை. இறுதியாக என்று பொருள்படும் ‘ஃபைனலி’ என்ற சொல்லை இதனோடு மாற்றி எழுதுவதும் மாணவர் தாள்களில் அடிக்கடி காணும் பிழை. ‘ஃபைனல்’ என்பதை முழுவதும் எழுதிவிட்டு அதன்பின் ஈற்றைச் சேர்த்தால் எழுத்து தவறாது.