துளை கூண்டுக்குள் இல்லை

கேள்வி: மருந்துப் புட்டியில் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போடப்படும் சிலிக்கா ஜெல்லே நுண்துளைகள் நிறைந்த பொருள்தானே? பிறகு எதற்காகக் கூண்டு வடிவச் சிலாக்சேன் (சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி இணைந்த) மூலக்கூறுகளைத் தனியே செய்து, அவற்றை இணைத்து நுண்துளைப் பொருள்களை உருவாக்குகிறார்கள்? வாயு அந்தக் கூண்டுகளுக்குள்தான் தங்குகிறதா?
— முதுகலை வேதியியல் மாணவி ஒருவர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பலரும் சறுக்கும் இடம் அதுதான். இந்தக் கூண்டு ஒரு கனசதுரம். எட்டு மூலைகளில் எட்டுச் சிலிக்கான் அணுக்களும், பன்னிரண்டு விளிம்புகளில் அவற்றை இணைக்கும் ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. விளிம்பின் நீளம் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர்தான். அதற்குள் ஒற்றை ஹைட்ரஜன் அணுவைச் சிறைவைக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள்; நைட்ரஜன் மூலக்கூறுக்கோ அங்கே இடமில்லை. நமக்குப் பயன்படும் துளை, கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே விடப்படும் வெளிதான்.

சிலிக்கா ஜெல்லின் துளைகள் சிறிதும் பெரிதுமாகத் தாறுமாறாக அமைந்தவை. ஜியோலைட் எனும் நுண்துளைப் படிகத்தில் அவை ஒரே அளவில் இருந்தாலும், படிகமாகும்போது எந்த வலைப்பின்னல் உருவாகும் என்பதை முன்கூட்டியே விதிப்பது எளிதன்று. எட்டுத் திசைகளில் கை நீட்டி நிற்கும் ஆயத்தக் கூண்டிலிருந்து தொடங்கினால், கைகளின் நீளத்தையும் இணைப்பின் தன்மையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

கூண்டைச் செய்வது பெரிய சிரமமில்லை. டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு எனும் காரத்தின் கரைசலில் சிலிக்காவைக் கரைத்தால் கனசதுர அயனி உருவாகிறது. அதன் மூலைகளில் குளோரோசிலேன்கள் எனும் குளோரின் சேர்ந்த சிலிக்கான் சேர்மங்களைக் கொண்டு வேண்டிய தொகுதிகளைப் பொருத்திவிடலாம். இணைப்பதுதான் சிக்கல். கூண்டைக் கட்டியிருப்பதும் கூண்டுகளுக்கிடையே நாம் உண்டாக்க விரும்புவதும் ஒரே சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு என்பதால், புதியதை உண்டாக்கும் அமிலமோ காரமோ பழையதையும் அறுத்துவிடக்கூடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லெய்னின் குழுவினர், 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சிலிக்கான்–ஹைட்ரஜன் மூலைகளையும் வினைல் (கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள) மூலைகளையும் பிளாட்டினம் வினையூக்கியால் சேர்த்து இதைத் தவிர்த்தார்கள். ஆனால் அங்கே பாலமாக நிற்பது கார்பன் சங்கிலி. டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகக் குழுவினர் கையாண்ட வழி எனக்கு இன்னும் நேர்த்தியாகத் தோன்றுகிறது. சிலானால் (சிலிக்கான்–OH) முனைகள் கொண்ட கூண்டுகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் முதலில் படிகமாக அடுக்கிக்கொண்டு, பிறகு அந்த அடுக்கு குலையாமல் குளோரோசிலேனால் சிலாக்சேன் பாலங்களை இடுகிறார்கள்.

நீங்கள் ஆய்வகத்தில் முயன்றால், நைட்ரஜன் உறிஞ்சல் அளவீட்டை மட்டும் நம்பி மகிழ்ந்துவிடாதீர்கள். கூண்டுகள் உடைந்து, விளைபொருள் வெறும் சிலிக்கா ஜெல்லாக மாறியிருந்தாலும் அது நைட்ரஜனை உறிஞ்சும். எனவே கூண்டு குலையாமல் இருக்கிறதா என்று அறிய, திடநிலைச் சிலிக்கான்-29 அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையை முதலில் எடுத்துப் பாருங்கள்.