வாய்வார்த்தையாக வாங்கிய கதை

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். தொலைந்துபோன வெள்ளாட்டைத் தேடி அலையும் சிறுவனின் கதையை 30 லட்சத்துக்குள் படமாக்கப் போகிறோம். நான் இயக்குகிறேன். ஒருவன் சொந்தக் கேமராவோடு ஒளிப்பதிவு செய்கிறான். இன்னொருவன் 10 லட்சம் போடுகிறான். என் தாய்மாமாவும் 10 லட்சம் தருகிறார். மீதிக்கு ஊர்க்காரர்கள் ஆளுக்கு 50,000 தருகிறோம், லாபத்தில் பங்கு கொடுங்கள் என்கிறார்கள். கதை எங்கள் பள்ளித் தமிழாசிரியர் எழுதியது. "தாராளமா எடுத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டார். பார்ட்னர்ஷிப் போட்டால் போதுமா, பிரைவேட் லிமிடெட் வேண்டுமா?
- ஒரு வாசகர், சின்னமனூர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது கம்பெனியைப் பற்றி. எனக்குக் கவலை அந்த ஆசிரியரின் கதையைப் பற்றி. அதை முதலில் பேசிவிடுவோம்.

காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, கதை உரிமை கைமாற வேண்டுமானால் எழுதியவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டும். வாய்வார்த்தை போதாது. அவசரத்தில் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வாங்கினாலும் சிக்கல்தான். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா வியாபாரம் கையைவிட்டுப் போகும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். காசு சேரச் சேர ஷூட்டிங் போகிறவர்களை அதிகம் அடிப்பது இந்த ஒரு வருடக் கணக்குதான்.

என்னிடம் வந்த ஒரு படக்குழுவின் கையில் சென்சார் சான்றிதழ்கூட இருந்தது. ஓ.டி.டி.க்கு விற்கப் போன இடத்தில் கதை உரிமைப் பத்திரத்தைக் கேட்டார்கள். எழுதியவர் அதற்குள் காலமாகிவிட்டார். வாரிசுகளுக்குள் ஏற்கெனவே வீட்டுத் தகராறு. ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போட மாட்டார். நல்ல படம் அது. நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதாரண பார்ட்னர்ஷிப் வேண்டாம். அதில் படத்துக்கு வாங்கிய கடன் உங்கள் ஒவ்வொருவர் வீடு, நிலம் வரைக்கும் வரும். பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப் என்றால், பாக்கி வைத்த விநியோகஸ்தர் மேல் அந்தப் பெயரில் வழக்கும் போட முடியாது. பிரைவேட் லிமிடெட்டுக்கு வருடா வருடம் ஆடிட் செலவு உண்டு. உங்கள் அளவுக்கு எல்.எல்.பி. பொருத்தம். அதாவது, கடன் பொறுப்பு அவரவர் போட்ட பணத்தோடு நின்றுவிடும் பார்ட்னர்ஷிப். இரண்டு பேர் இருந்தாலே தொடங்கலாம். பங்குதாரர்கள் போட்ட மூலதனம் 25 லட்சத்தையோ வருட டேர்ன்ஓவர் 40 லட்சத்தையோ தாண்டாதவரை அதற்குக் கட்டாய ஆடிட் இல்லை. ஆனால் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். படம் முடிந்ததும் அதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

எல்.எல்.பி.யில் பணமாகத்தான் முதல் போட வேண்டும் என்றில்லை. கேமராவையும் உழைப்பையும்கூட மதிப்புப் போட்டு முதலாக எழுதலாம். அந்த மதிப்பை இப்போதே, மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடுங்கள். படம் விற்ற பிறகு அந்தக் கேமராவுக்கு ஆளுக்கொரு விலை சொல்வீர்கள்.

மாமாவையும் பங்குதாரராகவே சேருங்கள். முதல் வரவில் அவர் பணம் திரும்புமா, சம்பளப் பாக்கி முதலில் போகுமா என்ற வரிசையை ஒப்பந்தத்தில் போடுங்கள். கடனாகத்தான் தருவேன் என்றால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாக வரட்டும்.

ஊர்க்காரர்கள் பணத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். திருப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பலரிடம் பணம் வாங்கினால், 2019ஆம் ஆண்டு வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டமும் இருக்கிறது. படம் ஓடாமல் நாலு பேர் புகார் கொடுத்தால், பொருளாதாரக் குற்றப் பிரிவு வாசலில் நிற்க வேண்டி வரும். உதவ நினைப்பவர்கள் ஷூட்டிங்குக்கு வீட்டைக் கொடுக்கட்டும், சாப்பாடு போடட்டும். வீட்டுக்காரரிடம் மட்டும் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சட்டத்தின் கண்ணில் படத்தைப் படைத்தவர் (author) தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. அதனால் நடிகர், எடிட்டர், இசையமைப்பாளர் எல்லாருடைய ஒப்பந்தமும் எல்.எல்.பி. பெயரில் இருக்கட்டும். ஒரு நண்பன் பெயரில் போட்டால் நெகட்டிவ் ரைட்ஸ், அதாவது படத்தின் முழு உரிமை, யாருக்கு என்று நாளைக்குச் சண்டை வரும். "ராயல்டி முழுவதையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்று இசையமைப்பாளரிடமும் பாடலாசிரியரிடமும் எழுதி வாங்காதீர்கள். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு அது செல்லாது.

வெள்ளாட்டை வைத்து ஒரு ஷாட் எடுப்பதற்கு முன்பே இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் இப்போது சென்னையில் இல்லை, ஹரியானாவில் இருக்கிறது. சென்சாரில் இந்தத் தாளைக் கேட்பார்கள். உங்கள் கதையே ஆடு என்பதால், வெட்டிவிட்டுப் போகவும் வழியில்லை.

தலைப்பைத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்றில் பதிவு செய்யுங்கள். வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. பதிவு ஒரு தொழில் வழக்கம், அவ்வளவுதான்.

எல்.எல்.பி. பதிவானதும் முதல் வேலையாக ஆசிரியர் வீட்டுக்குப் போங்கள். எந்தக் கதை, எத்தனை வருடம், உலகம் முழுவதும், தியேட்டர், டி.வி., ஓ.டி.டி., வேறு மொழி ரீமேக் எல்லாம் பத்திரத்தில் இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றாலும் ஒரு தொகையை அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். டைட்டில் கார்டில் "கதை" என்று அவர் பெயர் தனியாக வரும் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.