மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்றால் பெரிய ரவுட்டர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு இரண்டு தளம். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் கீழ்த்தளத்தில் வாசல் பக்கம் இருக்கிறது. 300 எம்பிபிஎஸ் இணைப்பு. கீழே நன்றாகவே வருகிறது. மாடிப் பின்னறையில் மட்டும் வீடியோ அழைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. எட்டு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கீழே நன்றாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ரவுட்டரில் குறையில்லை, சிக்னல்தான் மாடிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கு வரும் ஒரே இணைப்பை எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. கேபிளில் வருவதை வைஃபையாகக் காற்றில் விடுவது அக்சஸ் பாயின்டின் வேலை. இணைய நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பதால், எந்தக் கோளாறு வந்தாலும் பெட்டியையே மாற்றச் சொல்லி விற்றுவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது மாடியில் ஓர் அக்சஸ் பாயின்ட், அதற்குக் கீழேயிருந்து ஒரு கேபிள். பழைய ரவுட்டர் அப்படியே இருக்கட்டும்.

எட்டு ஆன்டெனா கதைக்கு வருவோம். வைஃபை இருவழிப் பேச்சு. கீழேயிருந்து ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், மாடியிலிருந்து உங்கள் போன் சொல்லும் பதில் அதன் காதில் விழ வேண்டும். போனில் இருப்பதோ சின்ன ஆன்டெனா. அதனால்தான் திரையில் கோடுகள் நிறையத் தெரிந்தும் அழைப்பு அறுகிறது. அந்தக் கத்தலுக்கும் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. விலை கூடினால் சக்தியும் கூடும் என்று நினைக்க வேண்டாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். ஏஎக்ஸ்5400 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 4804, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கிப் போட்டது. இரண்டு ஆன்டெனா உள்ள சாதாரண போனால் அந்த 4804-இல் பாதிக்கு மேல் எடுக்கவே முடியாது. உங்களுக்கு வருவதே 300. இதையெல்லாம் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்பதைப் பல பெட்டிகளில் ஒரு மூலையில்கூடப் போடுவதில்லை. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். இப்படி விற்க எப்படித்தான் விடுகிறார்களோ!

இந்த இரண்டு பட்டையிலும் இயங்கும் வைஃபை 6 அக்சஸ் பாயின்ட், கிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ் கேபிள் துளை), டபிள்யூபிஏ3 பாதுகாப்பு, இவ்வளவு இருந்தால் போதும். பிஓஇ வசதி இருந்தால் அதே கேபிளில் மின்சாரமும் போய்விடும். கூரையில் பொருத்தப் பக்கத்தில் பிளக் தேட வேண்டாம். ரிப்பீட்டரைத் தள்ளுங்கள். மலிவானவை ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

கேபிள் இழுக்கவே முடியாத வீடுகள் உண்டு. வாடகை வீடாக இருக்கலாம், சுவரில் துளையிட வீட்டுக்காரர் விடாமல் இருக்கலாம். அங்கே மட்டும் மெஷ் வாங்கலாம். கேபிள் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபையாக இயங்கும் இரண்டு மூன்று பெட்டிகள்தான் மெஷ். ஆனால் இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த அறையிலேயே வைத்துவிட்டு மெஷ் சரியில்லை என்று திட்டுகிறவர்கள்தான் அதிகம். கீழிருந்து நல்ல சிக்னல் கிடைக்கும் கடைசி இடம் எதுவோ, அங்கே வையுங்கள். பெரும்பாலும் அது மாடிப்படித் திருப்பமாக இருக்கும். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள மூன்று பட்டை மாடலாகப் பாருங்கள். பழைய டிவி கேபிள் சுவருக்குள் மாடிவரை ஓடினால் இன்னும் நல்லது. டிவி கேபிள் வழியாக நெட்வொர்க்கை அனுப்பும் மோகா அடாப்டரை அதன் இரு முனையிலும் போட்டால் நெட்வொர்க் கேபிள் இழுத்த மாதிரிதான், மெஷ்ஷே வேண்டாம். அதற்கு முன் அந்த ஒயர் வேறெதற்கும் பயன்படாமல் இருக்கிறதா, நடுவில் ஸ்ப்ளிட்டர் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அந்தத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே கேபிள்தான், அதிலும் சுத்தச் செம்பு. கேட் 5இ போதும், 100 மீட்டர்வரை 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்கும். கேட் 6 என்று பெயர் போட்டு, செம்பு முலாம் பூசிய அலுமினியத்தை விற்கிறார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி ஒன்றை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சீக்கிரம் ஒடியும், பிஓஇ மின்சாரம் போனால் சூடாகும். சுவருக்குள் போவதற்கு முன் இந்தச் சோதனை முடிந்துவிட வேண்டும்.

மாட்டும்போது அக்சஸ் பாயின்ட் மோடிலேயே வைக்கச் சொல்லுங்கள். ரவுட்டர் மோடில் விட்டால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். மாடியிலுள்ள போனால் கீழேயிருக்கும் பிரின்டரைக் கண்டுபிடிக்க முடியாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழைய ரவுட்டர், அக்சஸ் பாயின்ட் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1-ஆம் சேனல், மற்றதற்கு 6 அல்லது 11.

அப்புறம், “இணையம் வருதுங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்காரர் கிளம்புவார். விடாதீர்கள். கேபிளில் உள்ள எட்டுக் கம்பியில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு 100-க்கு இறங்கி ஓடலாம். அப்போது இணையம் வரத்தான் செய்யும், உங்கள் 300 வராது. அக்சஸ் பாயின்டின் செட்டிங்ஸ் பக்கத்தில் கேபிள் வேகம் 1000 என்று காட்டிய பிறகு கூலியைக் கொடுங்கள்.