பாதுகாப்பான இணைப்பு மட்டும்: கணினி கேள்வி–பதில்

இந்த முறை மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரும்போது மாமாக் கடை வைஃபையில் வங்கிக் கணக்கைப் பார்ப்பேன். உலாவியைப் பாதுகாப்பான இணைப்புக்கு மட்டும் மாற்றிவைக்கச் சொல்கிறான் மகன். குரோம் அதைத் தானாகச் செய்யாதா?

மகன் சொல்வது சரி. இன்றே செய்துவிடுங்கள்.

முன்னால் எதுவும் போடாமல் ஒரு முகவரியைத் தட்டினால், குரோம் 2021 முதல் அதை எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கப்பட்ட பாதுகாப்பான இணைப்பு வழியாகவே முதலில் திறக்கப் பார்க்கிறது. அது முடியாமல் போனால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குறியாக்கம் இல்லாத பழைய எச்டிடிபிக்கு இறங்கிவிடும். ஆபத்து அங்கேதான். அதே வைஃபையில் புகுந்து உங்கள் இணைப்பை இடைமறிக்கத் தெரிந்த ஒருவன் எச்டிடிபிஎஸ் போகும் வாசலான 443-ஆம் போர்ட்டை அடைத்துவிட்டால், உலாவி எச்டிடிபிக்கான 80-ஆம் போர்ட்டுக்குப் போகும். அந்த வழியில் போவதையும் வருவதையும் அவன் படிக்கலாம், மாற்றியும் அனுப்பலாம். பாதுகாப்பான இணைப்பை இப்படி நடுவழியில் உரித்தெடுக்க முடியும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2009-லேயே செய்து காட்டிவிட்டார். ‘இனி என்னிடம் எச்டிடிபியில் வராதே’ என்று தளமே உலாவிக்குச் சொல்லிவைக்கும் எச்எஸ்டிஎஸ் ஏற்பாடு 2012-இல் தரமாக்கப்பட்டது. ஆனால் எல்லாத் தளங்களும் அதை வைத்திருப்பதில்லை. அதனால் பூட்டை உங்கள் பக்கத்திலும் போட வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோமைத் திறந்து, மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்று போங்கள். ‘ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்’ என்பதை இயக்குங்கள். கணினியில் அதே வழிதான். நடுவில் செக்யூரிட்டி என்ற பக்கம் ஒன்று கூடுதலாக வரும். பொதுத் தளங்களுக்கு மட்டும் எச்சரிக்கையா, வீட்டு வலையமைப்புக்கும் சேர்த்தா என்று கேட்டால் முதலாவதே போதும். ஃபயர்ஃபாக்ஸ் இந்த வசதியை 2020 நவம்பரில் 83-ஆம் பதிப்பில் கொண்டுவந்தது. கணினியில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் ‘எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோட்’ என்று இருக்கும். அதை எல்லாச் சன்னல்களுக்கும் இயக்குங்கள்; பிரைவேட் சன்னலுக்கு மட்டும் என்ற தெரிவு பாதிக் கதவை மூடுவதுதான். ஐஃபோனில் ஐஓஎஸ் 18.2 முதல் சஃபாரியின் அமைப்புகளில் ‘நாட் செக்யூர் கனெக்‌ஷன் வார்னிங்’ என்று ஒன்று உண்டு.

வேலை செய்கிறதா என்று பார்க்க, இதற்கென்றே வைத்திருக்கும் எச்டிடிபி டாட் பேட்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற சோதனைத் தளத்தைத் திறந்து பாருங்கள். முழுப்பக்க எச்சரிக்கை வந்தால் சரி. பக்கம் நேராகத் திறந்துகொண்டால் அமைப்பு இயங்கவில்லை என்று பொருள்.

பழைய சங்கத் தளமோ கோயில் தளமோ இந்த எச்சரிக்கையில் சிக்கலாம். திருவிழா நேரம் பார்ப்பது போல வாசிக்க மட்டும் என்றால் தொடர்ந்து போகலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் கடவுச்சொல், அடையாள அட்டை எண், கார்டு எண் எதையும் தட்டாதீர்கள். எந்தக் கோப்பையும் இறக்காதீர்கள். வழியில் கோப்பையே மாற்றிக் கொடுக்க முடியும்.

அப்படியானால் வைஃபை கொடுக்கும் கடைக்காரருக்கு எதுவுமே தெரியாதா?

எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் பெரும்பாலும் தெரியும். அங்கே எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன தட்டினீர்கள் என்பது தெரியாது.

இந்த அமைப்பை வைத்த பிறகு கிளினிக் வைஃபையில் உள்நுழையும் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது.

அந்த வைஃபை, நீங்கள் திறக்கும் ஒரு எச்டிடிபி பக்கத்தை இடைமறித்து அதன் இடத்தில் தன் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுகிறது. எச்டிடிபிஎஸ்ஸை அப்படி இடைமறித்தால், அந்த முகவரி அந்தத் தளத்துக்கே உரியது என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ் பொருந்தாமல் பிழைதான் வரும். அமைப்பை அணைக்க வேண்டாம். கைப்பேசியின் மேல்பகுதியில் ‘சைன் இன் டு நெட்வொர்க்’ என்று வரும் அறிவிப்பைத் தொட்டு உள்ளே போங்கள். அறிவிப்பு வராவிட்டால் வைஃபையை ஒருமுறை அணைத்து மறுபடி இணைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். முன்பு சொன்ன சோதனைத் தளத்தைத் திறந்து, எச்சரிக்கையைத் தாண்டிப் போனாலும் உள்நுழைவுப் பக்கம் வரும். வங்கித் தளத்தைத் திறந்துவைத்து, அங்கே வரும் சான்றிதழ் பிழையைத் தாண்டிப் போவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

தமிழ்ப்பள்ளிக் கணினி ஒன்றில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று வருகிறது. வைரஸா?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தளங்களுக்கு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் பொதுவாக 90 நாளுக்குத்தான். கணினி 2015-ஆம் ஆண்டில் நின்றுகொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காதவை. தேதியைத் திருத்தியும், மின்சாரத்தை அணைத்துப் போட்ட பிறகு பழைய தேதிக்கே திரும்பினால் மதர்போர்டில் உள்ள பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032, 3 வோல்ட். சில வெள்ளிதான். கணினியின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால் வயதைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-க்குக் குரோமின் 109-ஆம் பதிப்பே கடைசி. அது 2023-இல் வந்தது. மற்றச் சான்றிதழ்களை நம்பலாமா என்று சரிபார்க்க உதவும் புதிய மூலச் சான்றிதழ்கள் போய்ச் சேராத கருவிக்கு, நல்ல தளத்தையும் நம்பத் தெரியாது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்திய கைப்பேசிகள் பல தளங்களில் தடுமாறுவதும் இதனால்தான். கணினியில் 4 ஜிபி நினைவகம் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் புதிய உலாவியோடு பிள்ளைகளுக்கு இன்னும் உழைக்கும். பிழையைத் தாண்டிப் போக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது மட்டும் வேண்டாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் போகும்.

ரவுட்டரின் 192.168.0.1 பக்கம் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது.

சொந்த வீட்டு ரவுட்டர் என்றால் தொடரலாம். அந்தத் தகவல் வீட்டு வலையமைப்பை விட்டு வெளியே போவதில்லை. வைஃபையின் பழைய கடவுச்சொல்லையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

முகவரியில் எச்டிடிபிஎஸ் இருந்தால் அரசாங்க உதவித் தொகைத் தளம் உண்மையானதுதானே?

இல்லை. நீங்கள் பேசுவதை நடுவில் யாரும் கேட்கவில்லை என்பதற்குத்தான் அது உறுதி; எதிரில் இருப்பவர் யார் என்பதற்கு அல்ல. சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடிக்காரனும் வாங்கிக்கொள்கிறான். பூட்டுச் சின்னத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்பதால்தான் குரோம் 2023-இல் அதை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்தது.

முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ்ஸை அடுத்து இரட்டைச் சாய்வுக்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்வுக்கோட்டைத் தேடுங்கள். அதற்கு நேர் முன்னால் ‘டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிகிறதா பாருங்கள். அந்த எழுத்துகள் நடுவிலே எங்கோ வந்து, முடிவு வேறாக இருந்தால் அது அரசாங்கத் தளம் அல்ல. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பு என்று வரும் ஏபிகே கோப்பையும் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) இந்த அமைப்பு தடுக்காது. நிறுவினால் குறுஞ்செய்தியில் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்கள் திருடன் கைக்குப் போகலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே வங்கியின் அவசர எண்ணையோ தேசிய மோசடி பதில்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன்பே தடுக்க வேண்டும். காவல் நிலையப் புகாரை அதற்கு அடுத்து எழுதலாம்.