கடைசி ஆளுக்காக நிற்பார்களா? புதியவர்களுக்கான சைக்கிள் ரைடு கேள்வி-பதில்

சைக்கிள் ஓட்டப் பிடிக்கும், ஆனால் கிளப், சந்தா, ஜெர்சி எதுவும் வேண்டாம் என்கிற ரகக் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். குழு ரைடுகளில் எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளோடு வருகிற தொண்டர் வேலை பல வருடங்களாக என்னுடையது. பதில்களில் அந்தப் பக்கச் சாய்வு தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கிளப்பில் சேராமல் போகக்கூடிய ரைடுகளை எங்கே தேடுவது? எப்படித் தேடினாலும் ரேஸ்தான் கண்ணில் படுகிறது.

தேடும் சொல்லை மாற்றிப் பாருங்கள். ‘சைக்கிள் போட்டி’ என்று கேட்டால் போட்டிதான் வரும். ஃபன் ரைடு, கம்யூனிட்டி ரைடு, சாரிட்டி ரைடு, நோ டிராப் ரைடு என்று தேடுங்கள். நோ டிராப் என்றால் யாரையும் வழியில் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று அர்த்தம். புதியவருக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது.

கார்களை நிறுத்திவிட்டுச் சாலையை மக்களுக்குத் திறந்துவிடும் நாள் உங்கள் பக்கம் உண்டா என்று முதலில் பாருங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1974-ல் தொடங்கிய ‘சிக்ளோவியா’ இதற்கு முன்னோடி. ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகள் அங்கே சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்தான். இதைப் பார்த்துப் பல நாடுகளில் இதே மாதிரி நடத்துகிறார்கள். பதிவு கிடையாது, தூரம் கிடையாது, களைத்துப்போனால் திரும்பிவிடலாம்.

ஜூன் 3 உலக சைக்கிள் தினம், 2018-ல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அதை ஒட்டிய வாரக் கடைசியில் மாநகராட்சியோ மருத்துவமனையோ ஏதாவது ஒரு சிறு ரைடு வைப்பதுண்டு. உங்கள் சைக்கிளை ரிப்பேர் பார்ப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எந்த ரைடு யாருக்கு ஒத்துவரும் என்பது அவருக்குத்தான் தெரியும், ரைடு முடிந்த மறுநாள் எல்லோரும் அவரிடம்தானே வருகிறார்கள்.

கிளப் நடத்துகிறது என்பதற்காகவும் ஒதுக்கிவிடாதீர்கள். உறுப்பினர் அல்லாதவர்களை ஓரிரு முறை வரவிடும் கிளப்புகள் நிறைய. கேட்டால் சொல்லப்போகிறார்கள்.

‘இது போட்டி அல்ல’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம். ஒருமுறை ‘நிதானமான காலை ரைடு’ என்ற அறிவிப்பைப் பார்த்து நானே போய் மாட்டியிருக்கிறேன். முதல் சிக்னல் தாண்டியதும் முன்னால் இருந்தவர்கள் வேகமெடுக்கக் குனிந்துகொண்டார்கள். இருபதாவது நிமிடத்தில் ஒரு முச்சந்தியில் நான் மட்டும் நின்றேன். எந்தப் பக்கம் போனார்கள் என்று காட்ட அம்புக்குறி இல்லை, ஆள் இல்லை. அவர்கள் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அவர்களுக்கு அதுதான் நிதானம்.

அதனால் பெயரை விட்டுவிட்டு விவரத்தைப் படியுங்கள். சராசரி வேகம் எண்ணில் போட்டிருக்கிறதா? மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் என்றால் புதியவருக்குச் சரி. 25-க்கு மேல் என்றால், ‘ஈஸி’ என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு ஈஸி இல்லை. சைக்கிளில் ஒட்ட, ஓட்டிய நேரத்தைக் கணக்கெடுக்கும் டைமிங் சிப் தருகிறார்களா, வயதுப் பிரிவு வாரியாகப் பட்டியல் போடுகிறார்களா? அப்படியானால் பெயர் என்னவாக இருந்தாலும் பாதிப் பேர் ரேஸ்தான் ஓட்டுவார்கள். ‘கிரான் ஃபோண்டோ’, ‘ஸ்போர்ட்டிவ்’ என்று வருபவை பெரும்பாலும் இந்த இரண்டுங்கெட்டான் வகை. புதியவர்களும் போகலாம்தான். ஆனால் குறைந்த தூரப் பிரிவு எது, எத்தனை மணிக்குச் சாலையைக் கார்களுக்குத் திரும்பத் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இதெல்லாம் எழுதப்படவில்லையா? நடத்துபவருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: “கடைசியாக வருபவருடன் யார் வருவார்?” பின்னால் ஒரு தொண்டர் வருவார், திருப்பங்களில் காத்திருப்போம், ஒரு வேன் இருக்கும் என்று பதில் வந்தால் பெயரைக் கொடுங்கள். “அப்படி யாரும் பின்தங்க மாட்டார்கள்” என்று வந்தால் பின்தங்கப் போவது நீங்கள்தான்.

இதுவரை ஒரே மூச்சில் ஓட்டியது 10 கிலோமீட்டர்தான். 40 கிலோமீட்டர் ரைடுக்குப் பெயர் கொடுக்கலாமா?

தூரத்தை வைத்து யோசிக்காமல் நேரத்தை வைத்து யோசியுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 40 கிலோமீட்டர் என்பது 2 மணி 40 நிமிடம் சீட்டில் உட்காருவது. நிறுத்தங்களையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம். கால்களைவிட முதலில் முறையிடுவது உட்காருமிடமும் உள்ளங்கையும்தான். ஐந்தாறு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டி, ஒருமுறை 25, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டால் 40 தானாக வந்துவிடும். ரைடு அடுத்த வாரமே என்றால் 20 கிலோமீட்டர் பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

தூரத்துக்குப் பக்கத்திலேயே மொத்த ஏற்றம் என்று மீட்டரில் ஓர் எண் போட்டிருப்பார்கள். பலரும் அதைக் கவனிப்பதில்லை. 40 கிலோமீட்டரில் 150 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய சமதளம். அதே தூரத்தில் 600 மீட்டர் என்றால் அது வேறு ரைடு. சமதளத்தில் 60 ஓட்டுபவர்கூட அதில் இறங்கித் தள்ளுவார். (இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இன்றும் தள்ளுகிறேன்.)

என்னிடம் இருப்பது கேரியரும் பெல்லும் வைத்த பழைய சைக்கிள். கியர் இல்லை. சேர்த்துக்கொள்வார்களா?

போட்டியில்லாத ரைடுகளில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஹெல்மெட் கட்டாயமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயமில்லை என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி பழையதா என்பதைவிட நிற்கிறதா என்பதே முக்கியம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள், பின்சக்கரம் லேசாகத் தூக்க வேண்டும். பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை போய் முட்டினால் கேபிளை இறுக்காமல் கிளம்பாதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டால் பிரேக் கட்டையில் உரசும் சத்தம் வரக்கூடாது. டயரின் பக்கவாட்டில் காற்றழுத்த அளவு அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள். மாற்று ட்யூப் வாங்கும்போது வால்வைக் கவனியுங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கும் கார் டயரில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வுக்கும் பம்ப் தலை வேறு. பத்து பேர் நடுரோட்டில் நின்றும் ஒருவர் பம்பும் பொருந்தாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சீட்டின் உயரம் இன்னொன்று. பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும், அப்போது முழங்கால் சற்றே மடங்கும். முழங்கால் வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு சீட் இரண்டு விரல் தாழ்வாகத்தான் இருக்கிறது.

200 கிலோமீட்டர் ‘பிரெவே’ ரைடில் முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் இல்லையாமே? நான் போகலாமா?

போட்டி இல்லை என்பது நிஜம். ஆடாக்ஸ் அல்லது ரான்டனியரிங் என்று சொல்வார்கள். கையில் ஓர் அட்டை தருவார்கள், வழியில் குறிப்பிட்ட இடங்களில் முத்திரை வாங்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். அதற்குள் வந்த எல்லோருக்கும் ஒரே மரியாதை, ரொம்ப வேகமாகப் போனால் முத்திரை வைக்கும் சாவடியே திறந்திருக்காது. இந்த வகை ரைடுகளின் பெரிய திருவிழா பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1891-ல் ரேஸாகத் தொடங்கியது. இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, சுமார் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். ஆனாலும் உங்களை இப்போது போகச் சொல்ல மாட்டேன். இங்கே ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்ட வேண்டும், வழி தவறினால் நீங்களே திரும்ப வேண்டும், பின்னால் வண்டி வராது. சில இடங்களில் ‘பாப்புலேர்’ என்ற பெயரில் 200-க்குக் குறைவான தூரங்களும் வைக்கிறார்கள். ஆசை இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

மாதக் கடைசி வெள்ளியில் கூட்டமாக ஓட்டுகிறார்களே, அதற்குப் போகலாமா?

‘கிரிட்டிகல் மாஸ்’ என்பது அதன் பெயர். 1992-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. வேகம் மிகக் குறைவு, பதிவு இல்லை, கட்டணம் இல்லை. தலைவரும் இல்லை. அதுதான் அதன் அழகு, அதுவே அதன் சிக்கலும். நீங்கள் நின்றுவிட்டால் கேட்க ஆள் இல்லை, கார் ஓட்டுபவர்களோடு வாக்குவாதமும் வரலாம். தெரிந்தவர் ஒருவருடன் போங்கள்.

நியூயார்க்கில் 1977 முதல் நடக்கும் ஃபைவ் போரோ பைக் டூர் இதற்கு நேர் எதிர். பதிவு உண்டு, கட்டணம் உண்டு, 64 கிலோமீட்டரும் கார் இல்லாத சாலை. இரண்டுமே போட்டி இல்லைதான், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

பக்கத்தில் ஆள் வந்தாலே ஹேண்டில் ஆடுகிறது. கூட்டத்தில் விழுந்துவிடுவேனோ?

கூட்டத்தில் விழுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரணத்தால் விழுகிறார்கள். ஒன்று, சட்டென்று பிரேக் போடுவது. இன்னொன்று, தன் முன்சக்கரத்தை முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைத்து வைத்திருப்பது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க அரை அடி நகர்ந்தால் போதும், சக்கரங்கள் உரசும், கீழே விழுவது பின்னால் வருபவர்தான். அதனால் எப்போதும் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள், நேர் பின்னால் வராமல் சற்றுத் தள்ளி, சக்கரங்கள் மேவாமல் ஓட்டுங்கள். முன்னால் இருப்பவரின் டயரைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலாகத் தொலைவைப் பாருங்கள், ஹேண்டில் ஆடுவது பாதி நின்றுவிடும். நிற்கப் போகிறீர்கள் என்றால் “நிற்கிறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓரம் கட்டுங்கள். கிளம்பும்போது கூட்டத்தின் பின்பகுதியில் நில்லுங்கள்.

பதிவுப் படிவத்தில் ‘எல்லாம் என் சொந்தப் பொறுப்பு’ என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

ஏறக்குறைய எல்லோரும் கேட்பார்கள். விபத்துக் காப்பீடு உங்களுக்கும் உண்டா, இல்லை கிளப் உறுப்பினர்களுக்கு மட்டுமா என்று எழுதிக் கேளுங்கள். ரத்தானால் கட்டணம் திரும்ப வருமா என்றும்தான்.

எங்கள் பக்கத்தில் இப்படி எதுவுமே நடப்பதில்லை. நானே ஒன்று தொடங்கினால் யார் வருவார்கள்?

முதல் வாரம் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் உங்கள் உறவினராக இருப்பார். பரவாயில்லை. நீங்கள் முன்னதாகவே ஓட்டிப் பார்த்த 12 கிலோமீட்டர் வழி, வாராவாரம் அதே நேரம், அதே இடம், இவ்வளவு போதும். இடம் மாறினால்தான் ஆள் குறைவார்கள். அறிவிப்பில் தூரம், வேகம், நிற்கும் இடம் மூன்றையும் எழுதுங்கள். அதற்குக் கீழே, யார் கடைசியில் வருவார் என்பதையும் எழுதிவிடுங்கள். முதல் சில மாதங்கள் அது நீங்களாகத்தான் இருக்கும்.