மலர்க் கண்காட்சிப் பயணத்துக்கு வைப்பு நிதியை உடைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக 55,000 ரூபாய் கைக்கு வருகிறது. வரும் வைகாசியில் அப்பாவுக்கு அறுபது நிறைவதால், ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் தம்பி, தங்கை குடும்பங்கள் உட்பட 14 பேரும் தாவரவியல் பூங்காவுக்குச் சென்று வர விரும்புகிறோம். வேன், இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு என 1,20,000 ரூபாய் ஆகும் போலிருக்கிறது. என் சேமிப்பு 3 லட்சம் ரூபாய் வைப்பு நிதி மட்டுமே. அதை உடைப்பதா, கிரெடிட் கார்டில் செலவழித்துப் பிறகு கட்டுவதா? இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

பதில்: இரண்டுமே வேண்டாம். அந்த 3 லட்சம் உங்கள் ஆறு மாதச் சம்பளத்துக்குக்கூட ஈடாகாது. வேலையோ உடல்நலமோ தடுமாறினால் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பணம் அது. முதிர்வுக்கு முன் எடுத்தால், பணம் வங்கியில் இருந்த காலத்துக்கு உரிய வட்டியையே கணக்கிட்டு, அதிலும் அரை முதல் ஒரு சதவீதம் வரை பல வங்கிகள் குறைத்துக்கொள்ளும். கார்டு இதைவிட மோசம். முழுத் தொகையையும் தேய்த்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், மாதம் 3.5 சதவீத வட்டியில் முதல் மாதமே ஏறத்தாழ 4,200 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 756 ரூபாயும் ஏறும்.

சம்பளம் வந்த மறுநாளே 12,000 ரூபாய் பிடித்தமாகும்படி வங்கியில் ஆறு மாத ஆர்.டி. (மாதந்தோறும் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் இதற்குப் பொருந்தாது. 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 72,000 ரூபாய் அசலுடன் சுமார் 1,260 ரூபாய் சேரும். மீதி 48,000 ரூபாயைத் தம்பியும் தங்கையும் அவரவர் வருமானத்துக்கேற்பப் பகிர்ந்துகொள்ளட்டும். மூத்தவர் என்பதால் முழுச் சுமையையும் நீங்களே ஏற்பது, என் பார்வையில், பாசக் கணக்கிலும் சரியில்லை. கடைசி நேரத்தில் சிறிது குறைந்தால், வைப்பு நிதியை உடைக்காமல் அதன் பேரில் கடன் பெறலாம். வழக்கமாக வைப்பு வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும்.

இந்தச் செலவில் பெரும்பகுதியை விழுங்குவது பூங்கா அல்ல, சீசன் அறை வாடகை. நட்சத்திரம் பார்த்துச் செய்யும் சஷ்டியப்தபூர்த்தியை அந்த நாளிலேயே ஊரில் முடித்துவிட்டு, ஊட்டிப் பயணத்தைக் கண்காட்சிக்கு முன்பாக, ஏப்ரலில் ஏதாவது வாரநாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். அப்படியானால் ஆறு மாத ஆர்.டி. முதிர்வதற்கு முன்பே பயணம் வந்துவிடும். முதிர்வதற்குள் வரும் முன்பணத்தைத் தம்பி, தங்கை பங்கிலிருந்து கட்டலாம்; மீதிக்கு மேலே சொன்ன வைப்பு நிதிக் கடனை எடுத்து, ஆர்.டி. முதிர்ந்ததும் அடைத்துவிடலாம். 1848இல் தொடங்கப்பட்ட அப்பூங்கா, தொட்டபெட்டா சிகரத்தின் சரிவில் ஏறத்தாழ 22 ஹெக்டேரில் மேலேறிச் செல்வது. பெரியவர்கள் நடந்து களைப்பார்கள். ஆகவே அறைக்குச் செலவழிக்கும்போது பூங்காவுக்கு அருகில் இருப்பதற்குக் கூடுதலாகக் கொடுங்கள், ஆடம்பரத்துக்கு அல்ல.

நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்கள் நுழைய இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, ஆனால் 2025 சீசனில் வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. பாஸ் கிடைக்காமல் போனால் வேனுக்கும் அறைக்கும் கட்டிய முன்பணம் வீணாகும் என்பதால், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பணம் அனுப்புங்கள்.