சிஸ்டரிடம் கேளுங்கள்: ஊசி வேண்டாம், துணை வேண்டும்

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் சபையில் நர்சிங் ஊழியம் ஆரம்பிக்கலாம் என்கிறார் எங்கள் போதகர் ஐயர். அதற்குள், "வீட்டுக்கு வந்து குளுக்கோஸ் ஏத்துவீங்களா, ஊசி போடுவீங்களா?" என்று கேட்கிறார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?
– வாசகி, சாத்தான்குளம் பக்கம்

பதில்: நல்ல காரியம் தங்கச்சி, தயங்காமல் ஆரம்பியுங்கள். ஆனால் ஊசி, குளுக்கோஸ் கிடையாது என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். 1980களில் சிகாகோ பக்கம் இந்த ஊழியத்தைத் தொடங்கிவைத்த லுத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க், சபைக்குள் ஆஸ்பத்திரி நடத்த நர்சுகளை வைக்கவில்லை. அவர்கள் வீடு தேடிப் போய் விசாரித்தார்கள், நோயை விளக்கிச் சொன்னார்கள், சரியான இடத்துக்கு அனுப்பினார்கள், கூட இருந்து ஜெபித்தார்கள். நமக்கும் அதுதான் தேவை. நாசரேத்தில் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் கூடப் போக ஆள் இல்லாமலும், டாக்டர் சொன்னது விளங்காமலும் எத்தனை பேர் வீட்டிலேயே கிடக்கிறார்கள்!

ஆராதனை முடிந்ததும் பிரஷர் பாருங்கள். வெயிலில் நடந்து வந்தவரை உடனே பிடித்துப் பார்க்காதீர்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரட்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றாதீர்கள். ஒருநாள் 140/90க்கு மேல் இருந்தால் மிரட்டாமல், வேறு நாளிலும் பார்த்து, குறித்துக் கொடுத்து டாக்டரிடம் அனுப்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கைகால் தளர்ச்சி என்றால் பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரைக்காரர்களின் பாதத்தையும் பாருங்கள். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியின் பெருவிரல் அடியில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மத்தியான வெயிலில் கோயில் மணலில் நடந்து வந்திருக்கிறார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. "வலிக்கலையே" என்று சிரித்தார். உணர்வு போன பாதம் வலிக்காது, அதுதான் ஆபத்தே. சர்க்கரைக்காரர்கள் செருப்போடு கோயில் படி வரை வரட்டும் என்று ஐயரையே அறிவிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. உங்கள் காதில் விழும் நோயை, அவர்கள் சம்மதம் இல்லாமல் ஜெப விண்ணப்பமாக வாசிக்க விடாதீர்கள். மார்பில் கட்டி என்று ஒரு பெண் உங்களிடம் சொன்னது புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் வந்துவிட்டால், அடுத்த பெண் வாய் திறக்கவே மாட்டாள். பீடி சுற்றுகிற பிள்ளைக்கு இருமல் என்றாலும் அப்படித்தான்: கல்யாணம் தடைபடும் என்று மறைப்பார்கள். ஐயரிடம்கூடக் கேட்டுவிட்டே சொல்லுங்கள். நோட்டைப் பூட்டி வையுங்கள்.

உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பெயரை அவர்களைக் கேட்டுக்கொண்டு அதில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் உபவாசம் இருப்பேன். சர்க்கரை மாத்திரையை என்ன செய்ய?
– வாசகர், சாயர்புரம்

பதில்: நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வெறும் வயிற்றில் போடவும் வேண்டாம். லெந்து தொடங்குமுன் டாக்டரிடம் கேளுங்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை படுவேகமாக இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள்; அப்போதே உபவாசத்தை முடித்துவிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். உபவாசம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், இறைச்சியையோ காப்பியையோ விட்டு லெந்தை அனுசரியுங்கள்.

கேள்வி: கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்கிறார்களே?
– வாசகி, உடன்குடி

பதில்: ஏற்றும். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான்.